தட்டில் சோறு, கோப்பையில் சீனி: சிங்கப்பூர்த் தமிழ் வீட்டுக்கான உணவுப் பழக்க வழிகாட்டி

உணவுப் பழக்கத்தைத் திருத்த முடிவெடுப்பவர்களில் பலர் திங்கட்கிழமை காலையிலேயே எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறார்கள். காலையில் ஓட்ஸ், மதியம் சாலட், இரவில் சப்பாத்தி, சீனி அறவே கிடையாது. வியாழக்கிழமை வேலை முடிந்து எம்ஆர்டியை விட்டு இறங்கும்போது பசி வயிற்றைக் கிள்ளும். எதிரே காப்பிக்கடையில் பரோட்டா சுடும் வாசம். திட்டம் அங்கேயே முடிந்துவிடுகிறது. அதற்கு மன உறுதியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரே வாரத்தில் நான்கு பழக்கங்களை மாற்றச் சொன்ன திட்டம்தான் தவறு.

நம் சமையலைத் தூக்கிப் போட வேண்டிய தேவையும் இல்லை. பருப்பு, கீரை, மீன், மோர், சுண்டல், ரசம் எல்லாம் நல்ல உணவே. பிசகு பெரும்பாலும் மூன்று இடங்களில்தான் இருக்கிறது: கோப்பையில் கலக்கும் சீனி, தட்டில் சோறு பிடித்துக்கொள்ளும் இடம், குழம்பிலும் வெளிச்சாப்பாட்டிலும் சேரும் உப்பும் எண்ணெயும். இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக, இதே வரிசையில் திருத்துங்கள். ஒன்று படிந்த பிறகு அடுத்தது.

ஒரு பழக்கம் படிய எத்தனை நாளாகும்? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய செயல் யோசிக்காமலேயே செய்யும் பழக்கமாக மாற நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல் அது 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஆகவே ஒரு திருத்தத்துக்கு இரண்டு மாதம் ஒதுக்குங்கள். இடையில் ஒரு நாள் கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டால், மறுநாள் வழக்கம்போலத் தொடருங்கள். விட்டதை ஈடுகட்டப் பட்டினி கிடக்காதீர்கள். பட்டினிக்குப் பின் வரும் வேளையில்தான் அளவு மீறும்.

முதலில் கோப்பை

பானத்தில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சோறும் குழம்பும் வீடு முழுவதற்குமான முடிவு. தேநீர் உங்கள் ஒருவருடைய முடிவு. நாளுக்கு மூன்று நான்கு முறை அந்த முடிவை எடுக்கிறீர்கள் என்பதால் பழக்கமும் சீக்கிரம் படியும். பானத்தில் குடிக்கும் சீனி வயிற்றை நிரப்புவதும் இல்லை. அதைக் குறைத்தால் பசி கூடாது.

காப்பிக்கடையில் வெறுமனே 'தே' என்று கேட்டால் கெட்டிப்பாலோடு வரும். கெட்டிப்பாலில் ஏறக்குறைய பாதி சீனிதான். ஒரு மேசைக்கரண்டி கெட்டிப்பாலில் 11 கிராம் அளவுக்குச் சீனி இருக்கும், அதாவது இரண்டு தேக்கரண்டிக்கும் மேல். காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மாலையில் ஒன்று என்றால் தேநீரிலேயே 30 கிராமைத் தாண்டிவிடும். ஒரு நாளின் மொத்த ஆற்றலில் சேர்க்கப்பட்ட சீனி 10 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், 5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு அது முறையே 50 கிராம், 25 கிராம்.

இறங்கும் படிகள் இவை. ஒவ்வொரு படியிலும் இரண்டு வாரம் நில்லுங்கள்.

1. 'தே' குடிப்பவர் 'தே சியூ டாய்' கேளுங்கள். இனிப்பு குறையும்.
2. அடுத்து 'தே சி சியூ டாய்'. கெட்டிப்பாலுக்குப் பதில் இனிப்பில்லாத ஆவிப்பால். சீனி தனியாக, கொஞ்சம்.
3. பிறகு 'தே சி கொசொங்'. ஆவிப்பால் மட்டும், சீனி இல்லை. பால் வேண்டாதவர்களுக்கு 'தே ஓ கொசொங்'.

காப்பிக்கும் இதே வரிசைதான். முதல் படியிலிருந்து நேரே மூன்றாவதுக்குத் தாவினால் தேநீர் கசப்புத் தண்ணீராகத் தோன்றும், இரண்டே நாளில் பழையபடி கெட்டிப்பாலுக்குப் போய்விடுவீர்கள். மெல்லக் குறைத்தால் சில வாரங்களில் நாக்கு பழகும். பழைய தேநீரைக் குடித்தால் திகட்டும். வீட்டில் போடும் தேநீரில் இஞ்சியும் ஏலக்காயும் கூடுதலாகத் தட்டிப் போடுங்கள். மணம் இருந்தால் இனிப்பின் குறை தெரியாது. கடைகளில் 'தே ஹாலியா' கேட்கும்போதும் சியூ டாய் என்று சேர்த்துச் சொல்ல மறக்காதீர்கள்.

வெல்லம், பனங்கற்கண்டு, நாட்டுச் சர்க்கரை, தேன் ஆகியவற்றுக்கு மாறிவிட்டால் போதும் என்று நம் வீடுகளில் நிறையப் பேர் நினைக்கிறார்கள். இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதில் இவையும் சீனியும் ஒன்றே. அவற்றில் இருக்கும் தாதுச் சத்துகள் ஒரு தேக்கரண்டி அளவில் கணக்கில் வராது. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், 'கருப்பட்டிதானே' என்று அளவைக் கூட்டிவிடுபவர்கள் பலர்.

புட்டியிலும் டின்னிலும் வரும் பானங்களுக்கு நியூட்ரி-கிரேடு என்னும் தரக் குறியீடு 30 டிசம்பர் 2022 முதல் நடப்பில் இருக்கிறது. கடைகளில் கலந்து தரும் பானங்களுக்கு அது ஓராண்டு கழித்து, 30 டிசம்பர் 2023இல் வந்தது. சிறிய கடைகளுக்கு விலக்கு உண்டு. 100 மில்லிலிட்டரில் சீனி 1 கிராம் வரை, இனிப்பூட்டிகளும் இல்லை என்றால் ஏ. 5 கிராம் வரை பி. 10 கிராம் வரை சி. அதற்கு மேல் டி. நிறைவுற்ற கொழுப்பும் கணக்கில் சேரும். இரண்டில் எது மோசமோ அதுவே பானத்தின் தரம். இங்கே பலர் தவறுவது அளவில். எழுத்து 100 மில்லிலிட்டருக்கானது, நீங்கள் குடிப்பதோ முழுப் புட்டி. பி தரத்தில் 500 மில்லிலிட்டர் புட்டி ஒன்றில் 25 கிராம் சீனி வரை இருக்கலாம், அதாவது ஐந்து தேக்கரண்டி. குறியீட்டில் சீனி விழுக்காட்டைப் பார்த்து, புட்டியின் அளவோடு பெருக்கிக்கொள்ளுங்கள்.

பழச்சாறும் பானக் கணக்கில்தான் வரும். ஒரு குவளை ஆரஞ்சுச் சாற்றுக்கு மூன்று நான்கு பழங்கள் பிழியப்படுகின்றன. நார் சக்கையோடு போய்விடுகிறது. பழத்தைக் கடித்துத் தின்னுங்கள்.

தட்டைப் பிரிப்பது

சுகாதார மேம்பாட்டு வாரியம் 2014இல் அறிமுகப்படுத்திய 'மை ஹெல்தி பிளேட்' அளவை மனத்தில் வைப்பது எளிது. தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு சோறு போன்ற தானியம், கால் பங்கு மீன், முட்டை, இறைச்சி, பருப்பு, தவ்வு (சோயாக் கட்டி) போன்ற புரதம். நம் வழக்கத் தட்டைப் பார்த்தால் கணக்கு தலைகீழாக இருக்கும்: முக்கால் பங்கு சோறு, அதன்மேல் குழம்பு, ஓரத்தில் இரண்டு கரண்டிப் பொரியல்.

சோற்றை ஒரேயடியாகக் குறைக்கச் சொல்ல மாட்டோம். போடும் வரிசையை மாற்றுங்கள், அளவு தானே குறையும். தட்டில் முதலில் பொரியலும் கீரையும் பாதித் தட்டு நிரம்பப் போடுங்கள். அடுத்து மீனோ பருப்போ. மிஞ்சிய இடத்தில் சோறு. சோற்றை முதலில் குவித்துவிட்டுப் பிறகு பொரியலுக்கு இடம் தேடினால் இரண்டு கரண்டிக்கு மேல் எப்போதும் வைக்க முடியாது. சாப்பிடுவதிலும் இதே வரிசை: காய், புரதம், கடைசியில் சோறு. காயையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டால் உணவுக்குப் பின் இரத்தச் சர்க்கரை ஏறும் உயரம் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குழம்புச் சோறு, ரசச் சோறு, மோர்ச் சோறு என்று மூன்று சுற்று போகும் வீட்டில், முதல் சுற்றுக்கு முன்பே பாதிப் பொரியலைத் தின்று முடியுங்கள். ரசத்தைக் குவளையில் ஊற்றிக் குடியுங்கள், மோரையும் அப்படியே. இரண்டு சுற்றுச் சோறு அதிலேயே குறையும்.

அளவுகள்:

சோறு வேகவைத்தது அரைக் கிண்ணம், அதாவது 100 கிராம், ஒரு பங்கு. இரண்டு துண்டு ரொட்டியும் ஒரு பங்குதான். குக்கரோடு வரும் குவளை 180 மில்லிலிட்டர். அதில் ஏறத்தாழ 150 கிராம் அரிசி பிடிக்கும், வெந்தால் 330 கிராம் சோறு வரும். நால்வர் இரவு உணவுக்கு இரண்டு குவளை அரிசி போட்டால் ஆளுக்கு 160 கிராம் சோறு கிடைக்கும். உட்கார்ந்து வேலை பார்க்கும் பெரியவருக்கு அது தாராளம். மூன்று குவளை போட்டு 'மிஞ்சினால் நாளைக்கு' என்று நினைத்தால் பெரும்பாலும் மிஞ்சாது.

இரவில் சோற்றுக்குப் பதில் சப்பாத்தி என்பவர்கள் கவனிக்க வேண்டியது: 40 கிராம் ஆட்டாவில் தேய்த்த ஒரு சப்பாத்தியில் இருக்கும் மாவுச்சத்து அரைக் கிண்ணம் சோற்றுக்குச் சமம். நான்கு சப்பாத்தி என்றால் இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டதாகக் கொள்ளுங்கள். முழுக்கோதுமையின் நார் நல்லது, எண்ணிக்கை தப்பினால் அந்த நன்மை போய்விடும். ராகிக் கூழும் இப்படித்தான். மாவாக அரைத்து நீர்க்கக் காய்ச்சிய கூழ் வேகமாகச் செரித்துவிடும். நீரிழிவு உள்ளவர்கள் அதை மருந்தாக நினைத்துப் பெரிய குவளையில் குடிக்கக் கூடாது.

காய்கறி ஒரு நாளைக்கு இரண்டு பங்கு, பழம் இரண்டு பங்கு. காய்கறி ஒரு பங்கு என்பது சமைத்தபின் 100 கிராம், 250 மில்லிலிட்டர் குவளையில் முக்கால். பழத்தில் ஒரு சிறிய ஆப்பிள், ஒரு நடுத்தர வாழைப்பழம், ஒரு கீற்றுப் பப்பாளி, பத்துத் திராட்சை ஒவ்வொன்றும் ஒரு பங்கு. கீரை வதங்கினால் சுருங்கிவிடும் என்பதால் நால்வருக்கு ஒரு வேளைக்கு அரைக் கிலோவுக்குக் குறையாமல் வாங்க வேண்டும். பேரங்காடியில் விற்கும் ஒரு சிறு பொட்டலம் சாய் சிம் இருவருக்குத்தான் சரியாக இருக்கும். நால்வர் வீட்டுக்கு ஒன்று வாங்கினால் ஆளுக்கு இரண்டு வாய்தான்.

தேக்கா ஈரச்சந்தையிலும் பஃபலோ சாலைக் கடைகளிலும் முருங்கைக்கீரை, வாழைப்பூ, சுரைக்காய், புடலங்காய் எல்லாம் கிடைக்கின்றன. ஆனால் வாரநாளில் முருங்கைக்கீரை உருவ யாருக்கும் நேரம் இருப்பதில்லை. வாரநாளுக்கு முட்டைக்கோஸ், பீன்ஸ், கேரட், கங்கோங், சாய் சிம், உறையவைத்த பட்டாணி. கைவேலை பிடிக்கும் காய்களை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முட்டைக்கோஸும் பீன்ஸும் நறுக்கி மூடிய டப்பாவில் குளிர்பதனப் பெட்டியில் மூன்று நாள் இருக்கும். கீரையைக் கழுவி ஈரத்தோடு வைத்தால் மறுநாளே அழுகத் தொடங்கும். கழுவாமல் காகிதத்தில் சுற்றி வையுங்கள், சமைக்கும்போது கழுவுங்கள்.

எதுவும் சமைக்க முடியாத நாளுக்கு ஒரு வழி. குக்கர் பொத்தானை அழுத்திய கை அடுத்து வெள்ளரிக்காயை எடுக்கட்டும். வெள்ளரி, தக்காளி, பெரிய வெங்காயம், கொஞ்சம் தயிர், சோறு வேகும் முன் பச்சடி தயார். ஏற்கெனவே தினமும் செய்யும் ஒரு வேலையோடு புதிய வேலையை முடிச்சுப் போட்டால், நினைவூட்டல் இல்லாமலே நடக்கும்.

புரதத்தைப் பற்றி ஒன்று அழுத்தமாகச் சொல்ல வேண்டும். சைவ வீடுகளில் பல சாம்பார்களில் பருப்பு பெயருக்குத்தான் இருக்கிறது. ஒரு கைப்பிடி துவரம்பருப்பில் நால்வருக்குச் சாம்பார் வைத்தால் அதில் கிடைப்பது புளித்தண்ணீர். ஒருவருக்கு ஒரு வேளைக்கு 40 கிராம் உலர்ந்த பருப்பு வேண்டும். அதில் 9 கிராம் அளவுக்குப் புரதம் வரும். நால்வருக்கு அது குக்கர் குவளையில் ஒரு குவளை நிறைய. அவ்வளவு பருப்பு போட்டால் சாம்பார் கெட்டியாகும், அதைக் கிண்ணத்தில் ஊற்றிக் கரண்டியால் சாப்பிடலாம். கூடவே கொண்டைக்கடலை, பாசிப்பயறு சுண்டல், தவ்வுக்கா (கெட்டியான தவ்வு), தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி). இங்கே மலிவாகவும் எளிதாகவும் கிடைக்கும் தெம்பேயைத் தமிழ் வீடுகள் இன்னும் அதிகம் பயன்படுத்தலாம். சதுரமாக வெட்டி, மஞ்சள், மிளகாய்த்தூள் பிரட்டி, இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் தோசைக்கல்லில் வாட்டினால் வறுவலுக்கு ஈடாக இருக்கும்.

வெள்ளை அரிசியிலிருந்து மாறுவது

முழு அரிசிக்கு ஒரே நாளில் மாறும் வீட்டில் இரண்டாம் நாளே சண்டை வரும். இரண்டு குவளையில் அரைக் குவளை மட்டும் பழுப்பரிசியோ சிவப்பரிசியோ சேர்த்துத் தொடங்குங்கள். அந்த அரைக் குவளையைத் தனியாக இரண்டு மணி நேரம் ஊறவைத்து, பிறகு வெள்ளை அரிசியோடு சேர்த்து, வழக்கமான தண்ணீருக்கு மேல் கால் குவளை கூடுதலாக ஊற்றி வேகவையுங்கள். ஊறவைக்காமல் போட்டால் வெள்ளை குழையும், பழுப்பு பல்லில் நறநறக்கும். காலையில் வேலைக்குப் போகும்முன் ஊறவைப்பதானால் குளிர்பதனப் பெட்டிக்குள் வையுங்கள். நம் ஊர் வெயிலுக்கு மேசைமேல் பத்து மணி நேரம் ஊறிய அரிசி புளித்து வாடை வந்துவிடும். இரண்டு மாதத்தில் பாதிக்குப் பாதி வரை போகலாம். வயிறு உப்பினால் ஒரு படி பின்வாங்கி, தண்ணீர் அதிகம் குடியுங்கள். நார் திடீரென்று கூடும்போது அப்படி ஆவது இயல்பு.

தோசை மாவில் இன்னும் எளிது. மூன்று பங்கு இட்லி அரிசியில் ஒரு பங்கை எடுத்துவிட்டு வரகோ சாமையோ போடுங்கள், உளுந்து அப்படியே ஒரு பங்கு. புளிப்பதில் வேறுபாடு தெரியாது. இட்லி வேளையில் குறைவது காய்தான். சட்டினியில் தேங்காயைப் பாதியாக்கிப் பொட்டுக்கடலையும் புதினாவும் கொத்தமல்லியும் சேருங்கள், சாம்பாரில் காயை இரட்டிப்பாக்குங்கள், ஒரு முட்டையை அவித்துக்கொள்ளுங்கள். பதினொரு மணிப் பசி வராது.

எண்ணெயும் உப்பும்

எண்ணெய்ப் புட்டியிலிருந்து சட்டியில் நேரே ஊற்றாதீர்கள். எந்தக் கைக்கும் அளவு தெரியாது. அடுப்பருகே ஒரு தேக்கரண்டியைக் கட்டாயமாக வையுங்கள். ஒரு தேக்கரண்டி 5 மில்லிலிட்டர், ஏறத்தாழ 45 கலோரி. ஆளுக்கு நாளுக்கு நான்கு தேக்கரண்டி என்றால் நால்வர் வீட்டில் 2 லிட்டர் புட்டி 25 நாள் வர வேண்டும். புட்டி திறந்த தேதியை மூடியில் எழுதுங்கள். பதினைந்து நாளில் தீர்ந்தால் எங்கே போகிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் வெங்காயம் வதக்குவதிலும் பொரிப்பதிலும் போயிருக்கும்.

வெங்காயத்தைக் குறைந்த எண்ணெயில் வதக்க: சட்டி சூடேறியதும் இரண்டு தேக்கரண்டி எண்ணெய், வெங்காயம், சமையலுக்கான உப்பில் ஒரு சிட்டிகை. மூடி வையுங்கள். உப்பு நீரை வெளியே இழுக்கும், அந்த நீராவியில் வெங்காயம் மசியும். அடி பிடித்தால் ஒரு கரண்டித் தண்ணீர், இன்னும் எண்ணெய் வேண்டாம். பொன்னிறம் கடைசி இரண்டு நிமிடத்தில் மூடியைத் திறந்தபின் வரும்.

தேங்காய்ப்பாலைக் குறைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. குருமா, சொதி போன்றவற்றில் பாதித் தேங்காய்ப்பாலுக்குப் பதில் கொழுப்பு குறைந்த பாலை அடுப்பை அணைத்தபின் சேர்க்கலாம். புளி விட்ட மீன்குழம்பில் பாலை ஊற்றினால் திரிந்துவிடும். அங்கே பொட்டுக்கடலையை அரைத்துவிட்டுக் கெட்டியாக்குங்கள், தேங்காயைச் சிறிதளவு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உப்பில் சிங்கப்பூரின் நிலை கவலைக்குரியது. 2022 தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி, இங்குள்ளவர்கள் நாளுக்குச் சராசரியாக 3,620 மில்லிகிராம் சோடியம் உட்கொள்கிறார்கள், அதாவது 9 கிராம் உப்பு. உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு 2,000 மில்லிகிராம், ஒரு தேக்கரண்டி உப்பு. ஒரு நாளின் பாதிச் சாப்பாடு வெளியே என்று கொண்டால், நால்வருக்கான வீட்டுச் சமையலுக்கு மிஞ்சுவது இரண்டு தேக்கரண்டிதான். மாவு, சாம்பார், பொரியல் எல்லாம் அதற்குள். காலையில் அதை ஒரு சிறு கிண்ணத்தில் அளந்து வைத்து, அதிலிருந்து மட்டும் எடுங்கள். முதல் இரண்டு வாரம் வழக்கத்தில் கால் பங்கு குறையுங்கள், பிறகு இன்னும் கால் பங்கு. குறையும் இடத்தை எலுமிச்சை, மிளகு, வறுத்த சீரகம், கறிவேப்பிலை நிரப்பும். அப்பளம், ஊறுகாய், கருவாடு மூன்றையும் ஒரே வேளையில் வைக்காதீர்கள், நாளுக்கு ஒன்று. சாந்துகளிலும் உப்பு ஒளிந்திருக்கிறது. ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் 900 மில்லிகிராம் அளவுக்குச் சோடியம் இருக்கும். பிளாச்சானும் (இறால் சாந்து) சிப்பிச் சாஸும் இதே வகை.

சோடியம் குறைத்த உப்பில் ஒரு பகுதி பொட்டாசியம் குளோரைடு. பெரும்பாலானவர்களுக்கு நல்லது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில வகை இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதற்கு மாறக் கூடாது. பொட்டாசியம் கூடினால் இதயத் துடிப்பைப் பாதிக்கும்.

வெளியே சாப்பிடும்போது

உணவங்காடி நிலையத்தைத் தவிர்த்து இந்த ஊரில் வாழ முடியாது. தவிர்க்கவும் வேண்டாம். சொல்லிக் கேட்கும் பழக்கம் ஒன்று வேண்டும், அவ்வளவுதான். இந்தியக் கடையில் "சோறு பாதி போதும், பொரியல் ரெண்டு மடங்கு, குழம்பைத் தனியா ஊத்துங்க" என்று சொல்லுங்கள். கூடுதல் காய்க்குச் சில காசு கேட்பார்கள். சோற்றின்மேல் குழம்பை அவர்களே ஊற்றினால் மூன்று கரண்டி போகும், தனிக் கிண்ணத்தில் வாங்கித் தொட்டுக்கொண்டால் பாதி மிஞ்சும். மலாய்க் கடையில் "நாசி கூராங், சாயூர் லெபே" (சோறு குறைவாக, காய் கூடுதலாக). சீனர் நடத்தும் கலவைச் சோற்றுக் கடையில் இரண்டு காய், ஒரு புரதம் என்ற கணக்கு. பொரித்ததும் சாந்தில் முங்கியதும் வேண்டாம்.

யோங் தாவ் ஃபூ நல்ல தேர்வு, பொரித்த உருண்டைகளை எடுக்காதவரை. இரண்டு வகைக் கீரை, தவ்வு, முட்டை, சூப்போடு. சாந்தைத் தனியாக வாங்குங்கள். மீன் சூப், பான் மியான் எதுவானாலும் சூப்பைக் கடைசிச் சொட்டுவரை குடிக்காதீர்கள், உப்பில் பெரும்பங்கு அதில்தான்.

பரோட்டாவைத் தடை செய்தால் ஆசை கூடும். மைதாவும் கொழுப்பும் சேர்ந்தது என்பதால் வாரத்துக்கு ஒரு நாள், இரண்டுக்குப் பதில் ஒன்று, கூட அவித்த முட்டை அல்லது ஒரு கிண்ணம் பருப்பு. மற்ற நாளில் அதே கடையில் தோசை கேட்கலாம். பிரியாணியை ஒரு பொட்டலம் இருவராகப் பகிர்ந்து, வெள்ளரிப் பச்சடியை வீட்டில் செய்து சேர்த்தால் யாருக்கும் குறை இருக்காது.

பேரங்காடியில் ஆரோக்கியமான தெரிவுச் சின்னம் உள்ள பொருளை எடுப்பது நல்ல தொடக்கம். அந்தச் சின்னம் அதே வகையில் உள்ள மற்றப் பொருளைவிட மேல் என்று மட்டுமே சொல்கிறது. சின்னம் பெற்ற பிஸ்கட்டும் பிஸ்கட்தான்.

கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைப்பவர்களுக்கு மேலே சொன்ன சோற்றுக் கணக்கு பொருந்தாது. நாள் முழுவதும் வெயிலில் உடல் உழைப்பவர் சோற்றைப் பாதியாக்கினால் மயக்கமும் காயமும்தான் மிஞ்சும். அவர்கள் சேர்க்க வேண்டியது புரதம். தங்கும் விடுதிக்கு வரும் பொட்டலத்தில் குழம்பு நிறைய இருக்கும், மீன் துண்டு சிறியதாக இருக்கும். அதனால் கையோடு இரண்டு அவித்த முட்டை, வேர்க்கடலை ஒரு கைப்பிடி, வாழைப்பழம் வைத்துக்கொள்ளுங்கள். வியர்வையில் உப்பு போவதால் உப்பைக் கடுமையாகக் குறைக்கவும் வேண்டாம். இனிப்புக் குளிர்பானத்துக்குப் பதில் தண்ணீரும் உப்பிட்ட மோரும். சமைத்த உணவு வெளியே வைத்து நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிடப்பட வேண்டும். விடியற்காலையில் வந்த மதியப் பொட்டலம் பன்னிரண்டு மணிக்குள் அந்த வரம்பைத் தாண்டியிருக்கும். நேரமுத்திரையைப் பாருங்கள், புளித்த வாடையோ பிசுபிசுப்போ இருந்தால் சாப்பிடாதீர்கள், மேற்பார்வையாளரிடம் சொல்லி விநியோக நேரத்தை மாற்றக் கேளுங்கள்.

இரவு முறையில் பாதுகாவலராகவோ தாதியாகவோ வேலை பார்ப்பவர்கள் முழுச் சாப்பாட்டை வேலைக்குப் போகும்முன் முடித்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் சுண்டல், தயிர், பழம் போன்ற சிறு உணவு போதும். தூங்கப்போகும் நேரத்துக்கு ஆறு மணி நேரம் முன்பே காப்பியை நிறுத்துங்கள். தூக்கம் கெட்டால் மறுநாள் இனிப்பின்மேல் ஆசை கூடும்.

தீபாவளி வாரத்தில் முறுக்கையும் அதிரசத்தையும் டப்பாவோடு நடுக்கூடத்தில் வைத்தால் கை போய்க்கொண்டே இருக்கும். சிறு தட்டில் எடுத்து வைத்து, டப்பாவை அலமாரிக்குள் வையுங்கள். எதிரே தெரியும் இடத்தில் பழத்தட்டு இருக்கட்டும்.

தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை

சிங்கப்பூரில் சீனர்களைவிட இந்தியர்களிடமும் மலாய்க்காரர்களிடமும் நீரிழிவு அதிகம். ஆசியர்களுக்கு உடல் எடைக் குறியீடு 23ஐத் தொட்டாலே கவனம் தேவை. இடுப்புச் சுற்றளவு இன்னும் நல்ல அளவுகோல்: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் கீழே. தொப்புள் மட்டத்தில், மூச்சை வெளியே விட்டு, மாதத்துக்கு ஒரு முறை ஒரே நேரத்தில் அளந்து எழுதுங்கள். தினமும் எடை பார்த்தால் நீரின் ஏற்ற இறக்கம்தான் தெரியும், மனம் சோர்ந்துவிடும்.

40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் ஒரு குடும்ப மருந்தகத்தைத் தேர்ந்தெடுத்துப் பரிசோதனைகளைச் செய்துகொள்ளலாம். முதல் மாற்றத்தைத் தொடங்கும் வாரத்தில் ஒரு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும். ஒரு மாதத்தில் திரும்ப எடுத்தால் மாற்றம் முழுதாகத் தெரியாது, மூன்று மாதம் பொறுங்கள்.

ஏற்கெனவே நீரிழிவுக்கு இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் சோற்றையும் இனிப்புத் தேநீரையும் குறைக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மருந்தின் அளவு பழைய சாப்பாட்டுக்கு ஏற்ப எழுதப்பட்டது. சாப்பாடு குறைந்து மருந்து அப்படியே இருந்தால் சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிடலாம். நடுக்கம், குளிர் வியர்வை, படபடப்பு, தலைசுற்றல் அதன் அறிகுறிகள். அப்படி வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்துச் சர்க்கரையை அளந்து பாருங்கள். லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழேயே இருந்தால் மீண்டும் அதே அளவு குடியுங்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது ஒரு வாரம் என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை கோப்பை தேநீர், வேளைக்கு எத்தனை கிண்ணம் சோறு என்று எழுதி எடுத்துச் செல்லுங்கள். மருந்தைத் திருத்த அவருக்கு அந்தத் தாள் தேவைப்படும்.